நல்கையில் மீந்த பணத்தை என் விருப்பப்படி செலவிடலாமா?

ஒரு பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு முதன்முதலாகக் கிடைத்த மூன்றாண்டு ஆராய்ச்சி நல்கையில் (ஆய்வுக்காக நிதி நிறுவனம் தரும் பணம்) இன்னும் எட்டு மாதங்களே எஞ்சியுள்ளன. திட்டத்தில் பணியமர்த்தப்பட்ட ஆய்வு உதவியாளர் வேறு வேலை கிடைத்து ஐந்து மாதங்களுக்கு முன் விலகிவிட்டதால், அவருக்கென ஒதுக்கிய ஊதியம் செலவாகாமல் நிற்கிறது. துறையின் பொது ஆய்வகத்தில் உள்ள மைனஸ் 80 டிகிரி உறைகலன் (மாதிரிகளை உறைநிலையில் பாதுகாக்கும் கருவி) அடிக்கடி பழுதாவதால், அந்த ஊதியப் பணத்தில் புதிய உறைகலன் ஒன்றை வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறார். கருவி நல்கைக் காலத்துக்குள் வந்துசேருமா என்பது ஐயம். "தேதியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முன்தேதியிட்டுப் பில் தருகிறோம், பொருள் வந்துவிட்டதாகக் கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள்" என்று விற்பனைப் பிரதிநிதி வழி சொல்லியிருக்கிறார். பணத்தைத் திருப்பி அனுப்பினால் அடுத்த நல்கை கிடைக்காது என்று மூத்த பேராசிரியர் ஒருவர் எச்சரித்திருக்கிறார். தாம் உழைத்துக் கொண்டுவந்த பணத்தில் பல்கலைக்கழகம் மேல்நிலைச் செலவு, அதாவது மின்சாரம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு, என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது திருட்டுக்குச் சமம் என்பது வாசகியின் குமுறல். இதற்கிடையே புதிய நல்கை கேட்டு அவர் அனுப்பிய இரண்டாவது முன்மொழிவு நிராகரிக்கப்பட்டிருக்கிறது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் "மிகச் சிறப்பு" என்கிறார், ஒருவர் "நோக்கங்கள் அளவுக்கு மீறியவை" என்கிறார், மற்றொருவர் "செய்முறை விவரங்கள் போதவில்லை" என்கிறார். அந்த முன்மொழிவை மாற்றாமல் வேறு இரண்டு நிதி நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாமா, அந்த மூத்த பேராசிரியரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டால் பயன் உண்டா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் "என் பணம்" என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகின்றன என்பதால் முதலில் அதைப் பற்றிப் பேசிவிடுகிறேன். பெரும்பாலான நிதி நிறுவனங்களின் நடைமுறையில், நல்கை என்பது நிதி நிறுவனத்துக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் இடையே செய்துகொள்ளப்படும் ஓர் ஒப்பந்தம். அதில் பொறுப்பேற்றுக் கையொப்பமிடுபவர் பல்கலைக்கழகத்தின் அதிகாரம் பெற்ற அலுவலர். நீங்கள் முதன்மை ஆய்வாளர், அதாவது ஒப்புக்கொண்ட பணியை நடத்தி முடிக்க வேண்டியவர். ஆராய்ச்சியை எந்தத் திசையில் கொண்டுசெல்வது என்பதில் உங்களுக்குப் பரந்த உரிமை உண்டு, ஆனால் பணத்தை எதற்கு மாற்றிச் செலவிடுவது என்பதில் அந்த உரிமை ஒப்பந்தத்தின் விதிகளுக்குள்தான் அடங்கும். இது உங்களுக்கு எதிரான ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். தணிக்கையில் கேள்வி எழும்போது பதில் சொல்லும் கடமை நிறுவனத்துக்கும் இருப்பது இதனால்தான். முன்கூட்டியே கேட்டுச் செய்த ஆய்வாளருக்கு அது உண்மையான பாதுகாப்பு.

ஊதியப் பணமும் உறைகலனும்

முன்தேதியிட்ட பில் பற்றி யோசிக்கவே வேண்டாம். வராத பொருளை வந்ததாகக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்வது ஒரு பொய்ச் சான்று, அதில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து, விற்பனைப் பிரதிநிதியுடையது அல்ல. பல நாடுகளில் இது ஒழுங்கு நடவடிக்கையோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 1863-ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள பொய்க் கோரிக்கைகள் சட்டம் அரசு நல்கைகளுக்கும் பொருந்தும், அதன்படி அரசுக்கு ஏற்பட்ட இழப்பைப் போல மும்மடங்கு வரை வசூலிக்க முடியும். "எல்லோரும் செய்வதுதான்" என்று உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அதை எழுத்தில் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஊதியத்தை உறைகலனுக்கு மாற்றுவது வேறு கேள்வி, அது தன்னளவில் தவறான எண்ணம் அல்ல. ஊதியம், கருவி போன்ற செலவினத் தலைப்புகளுக்கிடையே பணத்தை மாற்றுவதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். சிலவற்றில் ஒரு வரம்பு வரை பல்கலைக்கழகமே அனுமதிக்கலாம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பொது விதிகளில், பெரிய நல்கைகளுக்கு, மாற்றங்களின் கூட்டுத்தொகை மொத்த நிதியில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் முன் அனுமதி கேட்குமாறு நிதித் துறைகள் கட்டுப்பாடு விதிக்கலாம். வேறு பல நிறுவனங்கள் கருவி என்ற தலைப்புக்கு ஒரு சிறு தொகையை மாற்றுவதற்குக்கூட எழுத்துமூலமான அனுமதியைக் கேட்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாக இருக்கும் விதிமுறைகளில் "மறு ஒதுக்கீடு" என்ற பகுதியை முதலில் படித்துவிடுங்கள். உங்கள் கடிதத்திலிருந்து நீங்கள் அதை இன்னும் படிக்கவில்லை என்று ஊகிக்கிறேன், அதற்காகக் கூச வேண்டியதில்லை, படித்தவர்களை நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

இங்கே உங்களுக்கு உண்மையான தடை தலைப்பு மாற்றம் அல்ல, அந்த உறைகலனின் இயல்பு. தணிக்கையாளர் மூன்று கேள்விகளைக் கேட்பார்: இந்தக் கருவி இந்தத் திட்டத்துக்குத் தேவைதானா? திட்டம் முடிய எட்டு மாதங்கள் இருக்கும்போது, அதுவும் வந்துசேர மாதங்கள் ஆகும் ஒரு கருவியால், திட்டத்துக்கு என்ன பயன் விளையும்? துறை முழுவதும் பயன்படுத்தப்போகும் பொதுக் கருவியின் முழு விலையையும் ஒரே திட்டம் ஏன் ஏற்க வேண்டும்? முதல் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது, ஏனென்றால் உங்கள் மாதிரிகள் அந்தப் பழைய உறைகலனில்தான் இருக்கின்றன. மற்ற இரண்டுக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் என்ற ஆராய்ச்சி நிதித் திட்டத்தில் இந்தத் தர்க்கம் விதியாகவே இருக்கிறது. பொதுவாக அங்கே கருவியின் முழு விலையைக் கோர முடியாது, திட்டக் காலத்தில் திட்டத்துக்காகப் பயன்பட்ட அளவுக்கான தேய்மானத்தை, அதாவது பயன்பாட்டால் குறைந்த மதிப்பை, மட்டுமே கோரலாம். உங்கள் நிதி நிறுவனம் அவ்வளவு கண்டிப்பானதாக இல்லாமல் போகலாம், என்றாலும் பகிர்வு விகிதம் ஒன்றை நீங்களே முன்வைத்து, துறையும் ஒரு பங்கைத் தருகிறது என்று காட்டினால், உங்கள் விண்ணப்பம் நம்பத்தக்கதாக ஆகும். அனுமதி வரும்வரை மாதிரிகள் காத்திருக்க முடியாது, ஆகவே இன்றியமையாதவற்றை இப்போதே இரண்டாகப் பிரித்து வேறோர் ஆய்வகத்தின் உறைகலனிலும் வைத்துவிடுங்கள்.

அடுத்து, வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். எஞ்சிய எட்டு மாதங்களுக்குப் புதிய உதவியாளரை அமர்த்துவது முதல் வழி. பணம் ஒதுக்கப்பட்ட தலைப்பிலேயே செலவாகும் என்பதால் அனுமதிச் சிக்கல் ஏதும் இல்லை, ஆனால் விளம்பரம், தேர்வு, பயிற்சி ஆகியவை முடிவதற்குள் பாதிக் காலம் கரைந்துவிடும். உங்கள் துறையிலேயே இந்தச் செய்முறை தெரிந்த ஒருவர் கிடைத்தால் மட்டுமே இது பொருளுள்ளது. கூடுதல் நிதியில்லாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கக் கேட்பது இரண்டாவது வழி. உங்கள் நிலைமைக்கு இதுதான் மிகப் பொருத்தம் என்பது என் கருத்து, ஏனென்றால் உதவியாளர் விலகியதால் உண்மையாகவே ஆய்வு பின்தங்கியிருக்கிறது. விண்ணப்பத்தை எழுதும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். "பணம் மீந்திருக்கிறது, செலவிட அவகாசம் வேண்டும்" என்று எழுதினால் மறுப்பு வரும். அமெரிக்கப் பொது விதிகளில் செலவாகாத தொகையைச் செலவிடுவதற்காக மட்டுமே நீட்டிப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. எந்தச் சோதனைகள் முடிந்தன, எவை நின்றுபோயின, ஏன் நின்றன, நீட்டிப்புக் காலத்தின் ஒவ்வொரு காலாண்டிலும் யார் எதைச் செய்து முடிப்பார் என்பதை எழுதுங்கள், பணம் அதன் பின்னால் ஒரு சிறு அட்டவணையாக வரட்டும். கடைசி மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். விதிகள் குறைந்தபட்ச அவகாசமாகச் சில நாள்களையே கேட்டாலும், உங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கோப்பு நகர்வதற்கு வாரங்கள் ஆகும்.

மூன்றாவது வழி பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. இதைப் பற்றி மூத்த பேராசிரியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. தக்க காரணத்தோடும் தெளிவான கணக்கோடும் மீதித் தொகையைத் திருப்பிய ஓர் ஆய்வாளரை நிதி நிறுவனங்கள் கரும்பட்டியலில் வைப்பதில்லை. அவை ஐயத்தோடு பார்ப்பது, திட்டத்தின் கடைசி வாரங்களில் வேதிப்பொருள்களும் மடிக்கணினிகளும் திடீரென்று குவியும் கணக்குகளைத்தான். ஆனால் பெருந்தொகை மீந்தால், அடுத்த முறை உங்கள் செலவுத் திட்டத்தை மதிப்பிடுபவர் "இவருக்கு இவ்வளவு தேவையா" என்று கேட்கக்கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தக் கேள்விக்கு விடையாக அமைய வேண்டியது உதவியாளர் விலகியதை நீங்கள் எப்போது அறிவித்தீர்கள் என்ற ஆவணம். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இதுவரை அறிவிக்கவில்லை என்றால் இந்த வாரமே அறிவித்துவிடுங்கள். தாமதமான அறிவிப்புகூட, அறிவிக்காமல் இருந்ததை விட நல்லது.

ஆராய்ச்சி அலுவலகத்துக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: நல்கை எண், முடியும் தேதி, உதவியாளர் விலகிய தேதி, தலைப்புவாரியாக இன்றைய இருப்பு, நீங்கள் கோருவது என்ன, அதற்கான அறிவியல் காரணம். நிதி நிறுவனத்துக்கு நீங்களே நேரடியாக எழுத வேண்டாம், அதிகாரம் பெற்ற அலுவலர் வழியாகவே கோரிக்கை போக வேண்டும். வாய்மொழியாக "சரி" என்று சொல்லப்பட்டதெல்லாம் அனுமதி ஆகாது. அலுவலர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டால், பேசியதைச் சுருக்கி அன்றே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி உறுதிப்படுத்தக் கேளுங்கள். திட்டம் முடிந்த பிறகும் இந்தக் கோப்புகள் வேண்டியிருக்கும்; இறுதி நிதி அறிக்கைக்குப் பிறகு மூன்றாண்டுகள் என்பது அமெரிக்கப் பொது விதி, ஹொரைசன் யூரோப்பில் பொதுவாக இறுதித் தொகை பெற்றதிலிருந்து ஐந்தாண்டுகள்.

பல்கலைக்கழகம் பிடித்துக்கொள்ளும் பங்கு

திருட்டு என்ற சொல்லை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று நினைக்கிறேன், உங்கள் கோபத்தில் நியாயமான ஒரு பகுதி இருந்தபோதிலும். உறைகலனுக்கான மின்சாரம், ஆய்வகக் கழிவை அகற்றுவது, ஆய்விதழ்ச் சந்தா, விலங்கு மற்றும் மனித ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழு, உங்கள் கணக்கைப் பார்க்கும் அலுவலர் ஆகியவற்றையெல்லாம் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே அளந்து பில் போட முடியாது என்பதால்தான் மேல்நிலைச் செலவு ஒரு விகிதமாகப் பிடிக்கப்படுகிறது. அந்த விகிதத்தை நிர்ணயிக்கும் முறைகள் பல. ஹொரைசன் யூரோப் நேரடிச் செலவில் 25 விழுக்காடு என்ற ஒரே விகிதத்தை வைத்திருக்கிறது, வேலையின் ஒரு பகுதியை வெளியாரிடம் ஒப்படைக்கும் துணை ஒப்பந்தச் செலவை இதில் சேர்ப்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரசுடன் பேசித் தத்தம் விகிதத்தை முடிவு செய்துகொள்கின்றன. அப்படிப் பேசி முடிக்காத நிறுவனங்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து 15 விழுக்காடு வரை அனுமதி உண்டு, அதற்கு முன் அது 10 விழுக்காடாக இருந்தது. பிரிட்டனில் ஆராய்ச்சி மன்றங்கள் வழக்கமாக, நேரடிச் செலவோடு பொதுச் செலவையும் சேர்த்த முழுப் பொருளாதாரச் செலவைக் கணக்கிட்டு அதில் 80 விழுக்காட்டை மட்டுமே தருகின்றன, மீதியைப் பல்கலைக்கழகமே சுமக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி என்பது இலாபம் தரும் தொழில் அல்ல என்பதை இந்த எண்களே சொல்லும்.

உங்களுக்கு உள்ள உரிமை, அந்தப் பங்கு எப்படிச் செலவாகிறது என்ற கொள்கையைக் கேட்டுப் பெறுவது. சில பல்கலைக்கழகங்கள் அதில் ஒரு பகுதியைத் துறைக்கோ முதன்மை ஆய்வாளருக்கோ திருப்பித் தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால், உறைகலனுக்கான துறையின் பங்கை அதிலிருந்தே கேட்கலாம், தலைப்பு மாற்றத்தை விட அது எளிதாகவும் இருக்கக்கூடும். இதைத் துறைத்தலைவரிடம் பேசுவது உங்கள் வேலை.

நிராகரிக்கப்பட்ட முன்மொழிவு

மதிப்பீட்டாளர்கள் முரண்பட்டார்கள் என்பதை நீங்கள் பாரபட்சத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறீர்கள். நல்ல முன்மொழிவுகளை மதிப்பிடும்போது முரண்படுவதே மதிப்பீட்டாளர்களின் இயல்பு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் மதிப்பீட்டு முறையைப் பின்பற்றி, 43 மதிப்பீட்டாளர்கள் 25 விண்ணப்பங்களை மதிப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒரே விண்ணப்பத்துக்கு வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள் கொடுத்த மதிப்பெண்களில் ஒத்திசைவு ஏறக்குறைய இல்லை என்பதே அதன் முடிவு. அவை முதல் முறையிலோ திருத்தி அனுப்பிய பிறகோ நிதி பெற்ற, அதாவது தரமான விண்ணப்பங்கள் என்பதைக் கவனியுங்கள். எனவே வென்றவர் உங்களை விடத் திறமைசாலி என்றோ, நீங்கள் வஞ்சிக்கப்பட்டீர்கள் என்றோ உடனே முடிவு கட்ட இடமில்லை.

அதே சமயம் "குலுக்கல்தானே, அப்படியே மறுபடி போடலாம்" என்ற முடிவும் பிழை. முரணாகத் தோன்றும் இரண்டு குறைகளை அருகருகே வைத்துப் படியுங்கள். நோக்கங்கள் அதிகம் என்கிறார் ஒருவர், செய்முறை விவரம் குறைவு என்கிறார் மற்றவர். பக்க வரம்பு மாறாத ஒரு முன்மொழிவில் இவை இரண்டும் ஒரே குறையின் இரு பக்கங்கள்தான். நீங்கள் ஐந்து நோக்கங்களை அடுக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாகக் குறைத்துவிட்டு, கிடைக்கும் இடத்தில் ஒவ்வொரு சோதனையும் தோற்றால் என்ன செய்வீர்கள் என்பதை எழுதினால், இருவருக்கும் ஒரே திருத்தத்தில் பதில் சொன்னதாகிவிடும். பாராட்டிய மதிப்பீட்டாளர் எதைப் பாராட்டினார் என்பதையும் குறித்து வையுங்கள், திருத்தும் வேகத்தில் அதை வெட்டிவிடுபவர்கள் பலர்.

மறு விண்ணப்பத்துக்கும் விதிகள் உண்டு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் ஒரு விண்ணப்பத்தை ஒருமுறை திருத்தி 37 மாதங்களுக்குள் மறுபடி அனுப்ப அனுமதிக்கின்றன, விமர்சனங்களுக்கு என்ன பதில் என்று ஒரு பக்க முன்னுரையும் கேட்கின்றன. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்திலோ குறைந்த தரம் பெற்றவர் அடுத்த சுற்றில் விண்ணப்பிக்க முடியாதபடி கட்டுப்பாடு உண்டு. அவசரமாக அனுப்பிய அரைகுறை முன்மொழிவு அடுத்த ஆண்டு வாய்ப்பையும் சேர்த்துப் பறிக்கக்கூடும். பதில் எழுதும்போது மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டதாக எங்கும் எழுதாதீர்கள். அவர் கவனமாகப் படித்தும் புரியவில்லை என்றால் பத்தியைத் திருத்துங்கள், அவசரமாகப் படித்ததால் புரியவில்லை என்றாலும் அதையே செய்யுங்கள்.

"இனி விண்ணப்பிக்கவே போவதில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான நல்கை ஒன்றில் வெட்டுக்கோட்டுக்குச் சற்று மேலும் சற்று கீழும் இருந்தவர்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்றிருந்தும், வென்றவர்கள் அடுத்த எட்டு ஆண்டுகளில் மற்றவர்களைப் போல இரு மடங்குக்கும் மேலான நிதியைப் பெற்றிருந்தார்கள், தோற்றவர்கள் விண்ணப்பிப்பதையே குறைத்துக்கொண்டது அதற்கு ஒரு காரணம். அமெரிக்காவில் நூலிழையில் நல்கையைத் தவறவிட்ட இளம் ஆய்வாளர்களைப் பின்தொடர்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, அவர்களில் சிலர் அந்த முறையிலிருந்தே விலகிவிட்டதையும், தொடர்ந்து நின்றவர்களின் பிற்காலக் கட்டுரைகள் நூலிழையில் வென்றவர்களுடையதை விடக் கூடுதல் தாக்கம் பெற்றதையும் காட்டியது. உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு நிராகரிப்பை வைத்து அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பதற்கு மட்டும் இது போதும்.

ஒரே முன்மொழிவை இரண்டு நிறுவனங்களுக்கு அனுப்புவதைச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, சில தடை செய்கின்றன. அனுமதிப்பவையும் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் அனைத்தையும் அறிவிக்கச் சொல்கின்றன. மறைத்தால் அது நெறிமீறலாகிவிடும், இரண்டும் கிடைத்தாலும் ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் பணம் பெற முடியாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நோக்கம் வேறு, ஆகவே அறிவித்துவிட்டு அனுப்பினாலும் முன்னுரையையும் எதிர்பார்க்கும் பயன்களையும் தனித்தனியே எழுதுங்கள். ஆராய்ச்சி அலுவலகம் கடைசித் தேதிக்குப் பத்து நாள்களுக்கு முன்பே வரைவைக் கேட்பது தொல்லையாக இருப்பதாகக் குறைப்பட்டிருக்கிறீர்கள். செலவுக் கணக்கு, நெறிமுறை அனுமதி, இணை நிறுவனங்களின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலே அறிவியலைப் படிக்காமல் விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் நிறுவனங்கள் உண்டு, அந்தப் பத்து நாள்கள் அதற்காகத்தான்.

மூத்த பேராசிரியரின் பெயரைப் பொறுத்தவரை, இணை ஆய்வாளர் என்பவர் திட்டத்தில் வரையறுக்கப்பட்ட ஒரு வேலையையும் அதற்கான நேரத்தையும் ஏற்பவர். பெயருக்காகச் சேர்த்தால் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் வரவு செலவுப் பக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார், திட்டம் கிடைத்த பிறகு முடிவெடுக்கும் உரிமையிலும் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையிலும் அந்தப் பெயர் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். உங்கள் மூன்று நோக்கங்களில் எதற்கு அவர் பொறுப்பேற்கிறார், வாரத்தில் எத்தனை மணி நேரம் தருவார், யாருடைய பணியை மேற்பார்வை செய்வார் என்பதை அரைப்பக்கத்தில் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தயங்கினால், ஆலோசகராக ஓர் ஆதரவுக் கடிதம் கேளுங்கள். பெரும்பாலானோர் அதற்கு மகிழ்ச்சியோடு இசைவார்கள்.